முழுப் பங்கும் அவளுக்கே

மார்லிஸ் துவைட் இருபத்தாறு வருஷமாக நார்ஸ்டெட் என்ற பனிப்பிரதேசச் சிற்றூரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். காலை ஆறேகாலுக்கு வண்டியை எடுத்தால் எட்டரைக்குப் பிள்ளைகளை இறக்கிவிடுவாள். அப்புறம் இரண்டு மணிக்குத்தான் வேலை. நடுவில் கிடைக்கிற நேரத்தில் மற்ற ஓட்டுநர்கள் வீட்டுக்குப் போய்த் தூங்குவார்கள், இல்லையென்றால் ஏரிப் பனியில் துளை போட்டு மீன் பிடிப்பார்கள். மார்லிஸ் பதினான்காம் நம்பர் பேருந்தைத் திறந்தவெளியில் நிறுத்தி, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, ஸ்டியரிங் மேல் ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, மஞ்சள் தாளில் ஆட்களைக் கொலை செய்வாள்.

பயப்பட வேண்டாம், எல்லாம் கதையில்தான். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிற ஹெல்கா என்ற பொம்பளை ஊரில் நடக்கும் கொலைகளையெல்லாம் துப்புத் துலக்குவாள். 'சூப்பில் ஒரு பல்', 'உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால்' என்று இப்படி ஐந்து புத்தகங்கள். அட்டையில் எம். வி. லிண்ட் என்று இருக்கும். அந்த எம் மார்லிஸ். வி என்பது வெர்னா. லிண்ட் என்று யாரும் கிடையாது. பேர் எடுப்பாக இருக்கட்டும் என்று சேர்த்துக்கொண்டார்கள்.

வெர்னா ஹெக்லண்ட், பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் இருப்பவள். ஞாயிறன்று சர்ச்சில் ஆர்கன் வாசிப்பாள். இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதிகள். ஒற்றைப்படை அத்தியாயம் மார்லிஸ் எழுதுவாள், இரட்டைப்படை வெர்னா எழுதுவாள். அவர்களுக்குள் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: ஒருத்தி எழுதியதை மற்றவள் மாற்றக் கூடாது. பிடிக்கவில்லையா, தன் அத்தியாயத்தில் சமாளித்துக்கொள்ள வேண்டியது. அப்படித்தான் மூன்றாவது புத்தகத்தில் மார்லிஸ் பாதிரியாருக்குக் கொடுத்த மரக்கையை வெர்னா அடுத்த அத்தியாயத்திலேயே அடுப்பில் போட்டு எரித்தாள். இரண்டு பேரும் ஒரு வாரம் சிரித்தார்கள்.

ஆறாவது புத்தகத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று.

கதையில் ஓட்டோ என்று ஒரு தபால்காரர் வருவார். காது மூடிய தொப்பி. மற்றவர்களுக்கு வருகிற தபால் அட்டைகளைப் படித்துவிட்டுத்தான் கொண்டுபோய்க் கொடுப்பார். கொடுக்கும்போதே, "உங்க அக்காவுக்கு முழங்கால் தேவலையாம்" என்று சேதியையும் சொல்லிவிடுவார். அவர் வேறு யாருமில்லை, வெர்னாவின் அண்ணன் லெனார்ட்தான். நிஜ லெனார்ட் நிஜத் தபால் வண்டியோடு பனிச்சாலையில் சறுக்கிச் செத்துப்போய் வருஷங்கள் ஆகிவிட்டன. ஓட்டோவை வெர்னாதான் உண்டாக்கினாள். அவரைப் பேசவிட்டுப் பேசவிட்டு, அண்ணனைக் கூடவே வைத்திருந்தாள். இது மார்லிசுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் பத்தொன்பதாம் அத்தியாயத்தில் ஆற்றுப் பனியை உடைய வைத்து, ஓட்டோவை மூழ்கடித்துக் கொன்றாள்.

வெர்னா படித்தாள். மறுநாள் மார்லிசிடம், "வித்தியாசமா இருக்கு" என்றாள். இந்த ஊரில் இதைவிடக் கடுமையான வார்த்தை கிடையாது. வீடு எரிந்தாலும் வித்தியாசம்தான், மாப்பிள்ளை ஓடிப்போனாலும் வித்தியாசம்தான். அந்த ஞாயிறு வெர்னா இன்னொன்றும் செய்தாள். பிரார்த்தனை முடிந்து சர்ச்சுக்குக் கீழே அடித்தளத்தில் காப்பி குடிக்கும்போது, தட்டு நிறைய எலுமிச்சை இனிப்பைச் சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருப்பார்கள். கடைசித் துண்டை யாரும் எடுக்க மாட்டார்கள். வருகிறவர் கத்தியால் அதைப் பாதியாக்கிப் பாதியை எடுப்பார். அடுத்தவர் மிச்சத்தில் பாதி. அதற்கடுத்தவர் அதிலும் பாதி. கடைசியில் எறும்புக்குக்கூடப் பற்றாத ஒரு துணுக்கு தட்டில் கிடக்கும், மூடி போட்டு எடுத்து வைப்பார்கள். அன்று வெர்னா கடைசித் துண்டை முழுசாக எடுத்தாள். மார்லிசைப் பார்த்துக்கொண்டே நின்று முழுசாகத் தின்றாள். ஐம்பது பேர் பார்த்தார்கள். பனி வரும்போலிருக்கிறதே என்று யாரோ சொன்னதோடு சரி.

அதற்கப்புறம் ஒன்பது வருஷம். சண்டை என்று வெளியாருக்குச் சொல்லவே முடியாது, அவ்வளவு மரியாதை. ஆறு மாசத்துக்கு ஒருமுறை மார்லிஸ் பல் டாக்டரிடம் போவாள். "காத்து எப்படி இருக்கு வெளியில?" என்பாள் வெர்னா. "இருக்கு" என்பாள் மார்லிஸ். அவ்வளவுதான். நாலு திட்டு திட்டியிருந்தால் ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கும். இவர்களுக்கு அது வராது, என்ன செய்ய?

ஆறாவது புத்தகம் பத்தொன்பதாம் அத்தியாயத்தோடு நின்றது. மார்லிஸ் தனியாக ஒன்று எழுதிப் பார்த்தாள். ஒற்றைப்படை அத்தியாயமாகவே வந்துகொண்டிருந்தது, கதை நகரவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஜனவரி மாசத்தில் பதிப்பகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. செயற்கை நுண்ணறிவு இயந்திரம் செய்கிற பெரிய கம்பெனி ஒன்று, இணையத்தில் யாரோ களவாகக் குவித்து வைத்திருந்த லட்சக்கணக்கான புத்தகங்களை அப்படியே அள்ளிக்கொண்டுபோய்த் தன் இயந்திரத்துக்குப் படிக்கக் கொடுத்திருக்கிறது. எழுத்தாளர்கள் எல்லாரும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். கம்பெனி புத்தகத்துக்கு இவ்வளவு என்று நஷ்டஈடு தருவதாகச் சமாதானத்துக்கு வந்துவிட்டது. களவு போன புத்தகங்களின் பட்டியல் இருக்கிறது, உங்கள் புத்தகம் அதில் இருந்தால் உரிமை கோரி விண்ணப்பம் போடுங்கள் என்று எழுதியிருந்தது.

மார்லிஸ் பேருந்தில் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றிவிட்டு, போனில் தேடினாள். எம். வி. லிண்ட். ஐந்து புத்தகமும் இருந்தன. முதலில் அவளுக்கு வந்தது பெருமை, பொய் சொல்லக் கூடாது. ஆயிரத்துச் சொச்சம் பிரதிதான் விற்ற புத்தகங்கள், அதையும் திருட ஒருவனுக்குத் தோன்றியிருக்கிறதே என்று. கோபம் பின்னால் வந்தது. வந்ததும் காது சூடாகிவிட்டது. மற்ற ஓட்டுநர்கள் வீட்டில் தூங்கும்போது, கொட்டும் பனியில், ஊர் தெரியாமல் பனி மூடிய கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து வரி வரியாக எழுதியது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளே, காப்பியும் சேர்த்துக் கொடுத்திருப்பாள். கேட்காமல் எடுத்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இவை எங்கள் புத்தகங்கள், எங்களிடமிருந்து எடுத்தார்கள் என்று ஏதாவது ஒரு ஆபீஸ் காகிதத்திலாவது ஏற வேண்டும் என்று அவளுக்குப் பிடிவாதம் பிறந்தது.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம். புத்தகத்தில் யார் யாருக்கு எத்தனை சதவீதம் பங்கு என்று கேட்டிருந்தார்கள். மார்லிஸ் அந்தக் கட்டத்தைப் பார்த்தபடி பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். ஓட்டோவைக் கொன்றவளுக்கு என்ன பங்கு வேண்டிக்கிடக்கிறது? தன் பேருக்கு எதிரே பூஜ்யம் போட்டாள். வெர்னாவுக்கு நூறு. ஐந்து புத்தகத்துக்கும் அப்படியே போட்டு அனுப்பிவிட்டு, இரண்டு மணிச் சவாரிக்குக் கிளம்பினாள். நெஞ்சில் பாரம் கொஞ்சம் குறைந்தது போலக்கூட இருந்தது.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. கடிதத்தை அவள் புருஷன் டேல்தான் முதலில் படித்தான். டேல் ஒரு நாளைக்கு எட்டு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷன். படித்துவிட்டு, "ரெண்டு பேரும் நல்லா மாட்டிக்கிட்டீங்க" என்று சொல்லி, தூண்டிலை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டான்.

வெர்னாவும் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். அவளும் தனக்குப் பூஜ்யம், மார்லிசுக்கு நூறு. இரண்டு விண்ணப்பமும் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதால் தகராறு என்று பதிவாகியிருக்கிறது. முப்பது நாளுக்குள் இரண்டு பேரும் ஒரே கணக்கைச் சொல்லாவிட்டால் ஐந்து புத்தகமும் பட்டியலிலிருந்து நீங்கிவிடும்.

நீங்கிவிடும் என்ற வார்த்தையை மார்லிஸ் திரும்பத் திரும்பப் படித்தாள். களவு நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். எம். வி. லிண்ட் என்று ஒருத்தி இருந்ததே இல்லை என்றும் ஆகிவிடும். அப்படியும் வெர்னாவுக்குப் போன் செய்ய அவளுக்குத் தைரியம் வரவில்லை. மூன்று முறை எண்ணைப் போட்டுப் போட்டு வைத்தாள். கடைசியில் விண்ணப்பங்களைப் பார்க்கிற ஆபீசிலிருந்தே, டெனீஸ் என்ற பெண், இரண்டு பேரையும் ஒரே இணைப்பில் கூப்பிட்டாள்.

மார்லிஸ் பேருந்தில் இருந்தாள். வெர்னா பல் டாக்டரின் சாமான் அறையில் இருந்தாள் போல, பின்னால் துளைக்கிற மெஷின் சத்தம் கேட்டது. டெனீஸ் விஷயத்தை விளக்கினாள். ஹெல்காவே வெர்னா சொன்ன யோசனைதான் என்றாள் மார்லிஸ். இல்லை, கொலையெல்லாம் மார்லிஸ் போட்ட திட்டம், தான் சும்மா வானிலை எழுதியவள் என்றாள் வெர்னா. வானிலை இல்லாமல் கதை ஏது என்றாள் மார்லிஸ். இப்படியே இருபது நிமிஷம். ஒன்றாம் வகுப்புத் தோழிகள் 'நீங்க', 'உங்க' என்று இழுத்துப் பேசிக்கொண்டார்கள். மரியாதை அப்படி முற்றிப்போயிருந்தது.

"அம்மா, நான் சொல்றதக் கேளுங்க" என்றாள் டெனீஸ். அவள் குரலே களைத்துவிட்டது. "இங்க எல்லாரும் எனக்கு எழுபது, எனக்கு எண்பதுன்னு அடிச்சுக்கிறாங்க. அதுக்கு எங்ககிட்ட படிவம் இருக்கு. எனக்கு வேண்டாம் எனக்கு வேண்டாம்னு அடிச்சுக்கிறவங்களுக்கு ஒண்ணும் கிடையாது. வெள்ளிக்கிழமையோட முப்பது நாள் முடியுது, அதுக்குள்ள ஒரே நம்பர் சொல்லுங்க. இல்லன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

அவள் வைத்துவிட்டாள். இவர்கள் இரண்டு பேரும் வைக்கவில்லை. முதலில் வைப்பது மரியாதை இல்லையே. துளைக்கிற மெஷின் நின்று, மறுபடி ஓடி, மறுபடி நின்றது.

"காத்து ஜாஸ்தியா இருக்கு இன்னிக்கு" என்றாள் வெர்னா.

"ஆமா."

"சாயங்காலம் வீட்டுல காப்பி போடுவேன். எப்பவும் கூடுதலாத்தான் போட்டுடறேன். வீணாத்தான் போகுது."

இது அழைப்பு. மார்லிசுக்குப் புரிந்தது. நாலு மணிக்குக் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டதும் நேரே அங்கே போனாள்.

வெர்னாவின் சமையலறை மாறவே இல்லை. மேஜையில் காப்பி, தட்டில் எலுமிச்சை இனிப்பு. பக்கத்தில் பனி படிந்த ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே மஞ்சள் தாள்கள். பத்தொன்பதாம் அத்தியாயம். ஆறாவது புத்தகம் மொத்தத்தையும் வெர்னா ஒன்பது வருஷமாகப் பெரிய ஃப்ரீசரில், மான் இறைச்சிக்கு அடியில் வைத்திருந்தாள். வீடு தீப்பிடித்தாலும் கையெழுத்துப் பிரதி தப்பும் என்று எழுதுகிற கூட்டம் அப்படி வைப்பதுண்டு.

"பிணத்த வேற எங்க வைக்கிறது?" என்றாள் வெர்னா.

மார்லிசுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கரித்தது. போனை எடுத்து மேஜையில் வைத்தாள். முந்தின நாள் பேருந்தில் உட்கார்ந்து அந்தக் கம்பெனி இயந்திரத்திடமே கேட்டிருந்தாள், ஓட்டோ யார் என்று. அது கூசாமல் எல்லாம் சொன்னது. காது மூடிய தொப்பி, தபால் அட்டை, அக்காவின் முழங்கால், ஒன்று விடவில்லை. அப்புறம் ஓட்டோ என்ன ஆனார் என்று கேட்டாள். ஆறாவது புத்தகம் அச்சில் வரவே இல்லை, அதற்கு எப்படித் தெரியும்? தெரியாது என்று சொல்ல மனசில்லாமல் தானாக ஒரு பதில் விட்டது. அதை இப்போது வெர்னாவுக்குப் படித்துக் காட்டினாள். ஓட்டோ வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஏரிக்கரையில் ஒரு சின்ன வீட்டில் தக்காளி வளர்த்துக்கொண்டு, சுகமாக இருக்கிறார்.

வெர்னா காப்பிக் கோப்பையை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"திருட்டு மெஷினு" என்றாள். "அதுக்குக்கூட அவனக் கொல்ல மனசு வரல பாரு."

"வெர்னா..."

"லட்சம் புத்தகத்தக் கேக்காம எடுத்துட்டான்னு ஊரெல்லாம் கேஸ் போட்டுருக்கு. சரிதான், போடட்டும். நானும் கையெழுத்துப் போட்டேன். நீ என்னக் கேட்டியா மார்லிஸ்? கொல்லாதன்னு சொல்லிருக்க மாட்டேன்டி. ஒருநாள் முன்னாடி சொல்லிருந்தா, கடைசியா ஒருதரம் அவனப் பேசவிட்டுப் பாத்துட்டாவது வந்திருப்பேன்."

சுற்றி வளைக்காமல் வெர்னா பேசியது அறுபது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. மார்லிசும் அதே போலப் பேச வேண்டியிருந்தது. வாசகர்கள் எழுதிய கடிதங்களை நினைத்தாள். மாசத்துக்கு ஏழெட்டு வரும். ஓட்டோ எப்படி இருக்கிறார், ஓட்டோவுக்குக் கல்யாணம் ஆகுமா, எல்லாம் ஓட்டோ. தான் பார்த்துப் பார்த்து வளர்த்த ஹெல்காவைப் பற்றி ஒரே ஒருத்தர் எழுதினார், அதுவும் சூப்பில் உப்பு அளவு தப்பு என்று.

"பொறாமைடி" என்றாள். "கதைக்கு ஒரு சாவு வேணும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அதெல்லாம் ஒண்ணுமில்ல. உன் ஆளத்தான் எல்லாருக்கும் பிடிச்சுது. லெனார்டுன்னு தெரிஞ்சேதான் பண்ணினேன். மன்னிச்சுடு. கிழிச்சுப் போட்டுடறேன், இப்பவே."

அவள் பையைப் பிரித்துத் தாளை எடுத்தாள். ஈரத்தில் ஓரம் நனைந்திருந்தது. வெர்னா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

கிழிக்கக் கூடாது என்றாள். எழுதியது எழுதியதுதான், சட்டம் சட்டம்தான். மார்லிஸ் தாளைத் திரும்ப மேஜையில் வைத்தாள். வெர்னா மூக்கைத் துடைத்துக்கொண்டு, பல் டாக்டரிடம் வருகிறவர்களுக்குச் சிகிச்சையின் நிலவரத்தைச் சொல்வாளே, அந்தக் குரலில் பேசினாள்.

"பனி உடைஞ்சுது. அவன் விழுந்தான். அது இருக்கட்டும். ஆனா முழுசா சாக விட மாட்டேன், பாதி போதும். ஒரு கால் போகட்டும். மிச்சம் எனக்கு."

ஒரு மனுஷனை எலுமிச்சைத் துண்டு மாதிரி வெட்டி நியாயம் செய்கிற ஊர் வேறு எங்கேயாவது உண்டா? மார்லிசுக்கு முதலில் ஒரு விக்கல் மாதிரி வந்தது, அப்புறம் சிரிப்பாக வெடித்தது. வெர்னாவும் சேர்ந்துகொண்டாள். பாதிரியாரின் மரக்கையை எரித்த வாரத்துக்கப்புறம் இரண்டு பேரும் அப்படிச் சிரிக்கவில்லை. அந்த மரக்கையை அவசரப்பட்டு எரித்துவிட்டேன், இப்போது அதையே செதுக்கி ஓட்டோவுக்கு ஒரு காலாக்கியிருக்கலாம் என்றாள் வெர்னா. மறுபடி சிரித்தார்கள்.

வியாழக்கிழமை காலையில் டெனீசைக் கூப்பிட்டார்கள். ஐம்பது, ஐம்பது. ஐந்து புத்தகத்துக்கும். டெனீஸ் உடனே சந்தோஷப்பட்டுவிடவில்லை. நிச்சயமா, அப்புறம் மாறமாட்டீங்களே என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டாள். பத்து நாளில் காகிதம் வந்தது: எம். வி. லிண்ட், ஐந்து நூல்கள், உரிமையாளர் இருவர். மார்லிஸ் அதைப் பேருந்தின் வெயில் மறைப்பில் செருகி வைத்தாள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அது என்ன என்று கேட்டதற்கு, திருடனைப் பிடித்த காகிதம் என்றாள். அவன் அன்று முழுக்க அவளைப் போலீஸ் என்று நினைத்துக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்திருந்தான்.

அந்த ஞாயிறு சர்ச் அடித்தளத்தில் வழக்கம்போலக் காப்பி. எலுமிச்சைத் தட்டில் ஒரு துண்டு மிஞ்சியது. எல்லாரும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள், யாரும் தொடவில்லை. வெர்னா ஆர்கனை மூடிவிட்டுக் கடைசியாகத்தான் இறங்கி வந்தாள். நேரே போய்க் கத்தியை எடுத்தாள். ஒன்பது வருஷத்துக்கு முந்தின ஞாயிறு எல்லாருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும், பேச்சுச் சத்தம் குறைந்தது. துண்டைச் சரிபாதியாக வெட்டினாள். ஒரு பாதியைத் தான் எடுத்தாள். இன்னொரு பாதியைத் தட்டில் விடாமல் கொண்டுவந்து மார்லிசின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இருபதாவது அத்தியாயம் எழுதிட்டிருக்கேன்" என்றாள், ஊரே கேட்க. "ஒரு விஷயம் கேக்கணும். ஒத்தக்கால் ஓட்டோவுக்கு உன் ஹெல்காவக் கட்டி வைக்கலாமா? நீ வேண்டாம்னா விட்டுடறேன்."

மார்லிஸ் சரி என்று தலையை ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள். கையிலிருந்த பாதியை இன்னும் பாதியாகப் பிய்க்கப் போனாள், பழக்கதோஷம்.

"முழுசாத் தின்னுடி" என்றாள் வெர்னா.

தின்றாள். தட்டு காலியாகிவிட்டது. அந்தத் தட்டுக்குச் சொந்தக்காரி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பிறகு எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினாள்.